புதன்கிழமை ஹால்

மார்ச் 3, செவ்வாய்

எனக்குப் பணிவிடை செய்வதற்காக என் மகன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று தெருவில் ஒரு பேச்சு. எதிர்வீட்டு டிரைவர் பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததை இன்று என் காதாலேயே கேட்டேன். "அந்தம்மா கையில சொத்து இருக்குல்ல. மகன் வேற என்ன செய்வான்? காலைப் பிடிச்சுட்டுக் கிடக்கான்."

தவறு. என் காலை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. பிடித்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். சொத்து என்று இருப்பது இந்த வீடு ஒன்றுதான். தெரு பணக்காரத் தெருவாக ஆவதற்கு முன்பு என் கணவர் வாங்கிப் போட்டது. வீட்டைப் பிட்டுச் சாப்பிட முடியாது.

அவன் வீட்டில் இருப்பது அவன் மகளுக்காக. அவளுக்கு நான்கு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. போன வருடம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் விட்டிருந்தோம். ஒருநாள் சீக்கிரமாக அழைத்துவரப் போனவன், அவளை நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்ததைப் பார்த்தான். "கொஞ்சம் அடங்கட்டும்னுதான் சார்" என்றார்களாம். மறுநாள் அவன் பாலம் கட்டும் கம்பெனிக்குப் போகவில்லை. அதன் பிறகும் போகவில்லை.

இதில் என் கால் எங்கே வந்தது?

மார்ச் 4, புதன்

இன்று எங்கள் புதன்.

பிள்ளையை வீட்டிலிருந்தே வளர்க்கும் தாய்மார்கள் இந்தத் தெருவில் நிறையப் பேர். அவர்களுக்குச் சமையலுக்கு ஒருத்தி, தோட்டத்துக்கு ஒருவன், காருக்கு ஒருவன். மிச்சம் இருக்கிற வேலை பிள்ளை ஒன்றுதான், அதை அம்மா செய்கிறாள். எங்களுக்கு மருமகளின் சம்பளமும் என் கணவரின் சிறிய குடும்ப ஓய்வூதியமும் மட்டும். அவள் காப்பீட்டு அலுவலகத்துக்கு விடிந்ததும் போய் இருட்டிய பின் வருகிறாள். அந்தச் சம்பளம் பேச்சுப் பயிற்சி டீச்சருக்கும் வீட்டு வரிக்குமே சரியாகிவிடுகிறது.

ஆகவே கீழ்த்தளத்தின் முன்பகுதியை ஓர் ஆடிட்டருக்கும் அவர் மனைவிக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறோம். மகன் குடும்பம் மாடியில். எனக்குச் சமையலறையை ஒட்டிய பின்னறை. ஒப்பந்தத்தில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: புதன்கிழமை பிற்பகல் ஹால் எங்களுடையது. ஆடிட்டரம்மா அன்று அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். தெருவின் தாய்மார்கள் பிள்ளைகளோடு வருவார்கள்.

வேறு வீடு என்றால் எங்கள் குழந்தை கேட்டிலேயே அலறுவாள். இங்கே என்றால் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பாள். போன மாதம் ஒரு மரக்கட்டையை எடுத்து ஒரு பையன் பக்கம் தள்ளினாள். அப்படித்தான் தொடங்கும் என்று டீச்சர் சொன்னாள்.

கடிகாரம் ஆடிட்டருடையது. சோபா ஆடிட்டருடையது. சுவர் மட்டும் எங்களுடையது. இன்று மூலைவீட்டுக்காரி, "சோபா கலர் ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி, உங்க செலக்‌ஷனா?" என்றாள். நன்றி சொன்னேன்.

மூலைவீட்டுக்காரி நல்லவள். அவள் கார் டிக்கியில் எப்போதும் பைபையாகப் பழைய துணி இருக்கும். யாருக்காவது கொடுத்துக்கொண்டே இருப்பாள்.

எல்லோரும் போன பிறகு மகன் கேட்டான். "வாடகைக்கு விட்டிருக்கோம்னு சொல்லிட்டா என்னம்மா? தலையா போயிடும்?"

வெள்ளைக் கேட் வீட்டுக்காரர்கள் கையில் பணம் குறைந்து டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டுப் பையனை ஒரு பிறந்தநாளுக்கும் கூப்பிடவில்லை. இதை அவனுக்கு நினைவுபடுத்தினேன். அவன் குனிந்து மரக்கட்டைகளைப் பொறுக்கினான்.

மார்ச் 6, வெள்ளி

ஆடிட்டரம்மா குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்றாள். ஆள் வரச் சொல்லியாயிற்று. அவளிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடியில் துணி போடுவதைக்கூட ஓரம் பார்த்துப் போடுகிறாள்.

மார்ச் 11, புதன்

ஆடிட்டரம்மாவுக்குக் காய்ச்சல். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். நடுவில் தண்ணீர் எடுக்க வெளியே வந்தாள். சாயம் போன நைட்டி, கலைந்த தலை. ஹாலைக் கடந்து போய், சொம்போடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாய்மார்கள் எல்லோரும் பார்த்தார்கள். மூலைவீட்டுக்காரி மெல்லக் கேட்டாள். "யாரு ஆன்ட்டி?"

"என் கணவர் வழிச் சொந்தம். அவங்களுக்கு வேற யாருமில்ல. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் எங்க நிழல்லதான் இருக்காங்க."

யோசிக்கவே இல்லை. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தபடி, குரல் பிசகாமல் வந்தது. மூலைவீட்டுக்காரிக்குக் கண் கலங்கியது. "இந்தக் காலத்துல யாரு ஆன்ட்டி செய்வாங்க?" என்றாள்.

மகன் குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். நிமிரவில்லை. ஆனால் காது சிவந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான்.

மார்ச் 12, வியாழன்

யாருக்கு என்ன நஷ்டம்? ஆடிட்டரம்மா காதில் விழவில்லை. குழந்தைக்குப் புதன் இருக்கிறது. அவ்வளவுதானே வேண்டும்?

பொய்யை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாலும் அது பொய்தான் என்பார் எங்கள் பள்ளி சிஸ்டர். அவருக்குப் பேத்தி கிடையாது.

மார்ச் 18, புதன்

மேஜைக்கு அடியிலிருந்து குழந்தை கையை நீட்டி ஒரு பையனின் ஷூவைத் தொட்டாள். அவனும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 21, சனி

எப்படி எழுதுவது — நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மூலைவீட்டுக்காரி வந்திருக்கிறாள். என்னைப் பார்க்க இல்லை. ஆடிட்டரம்மாவைப் பார்க்க. கையில் பெரிய பை.

மத்தியானம் ஆடிட்டரம்மா என் அறை வாசலில் வந்து நின்றாள். வீட்டில் இருந்தால் கட்டும் பழைய துணியில் இல்லை. எங்கோ புறப்படுகிறவள் போல உடுத்தியிருந்தாள். அந்தப் பையை என் கட்டிலில் வைத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். எல்லாம் இஸ்திரி போட்டிருந்தது. அவளே போட்டிருக்கிறாள்.

"உங்க வீட்டு ஏழைச் சொந்தத்துக்கு வந்த துணி. எனக்கு லூசா இருக்கு. உங்களுக்குச் சரியா இருக்குமான்னு பாருங்க."

காலிப் பையை மடித்து அவற்றின் மேல் வைத்தாள்.

"என் வீட்டுக்காரரு ஆபீசுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிட்டுப் போறாரே, அதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு கேக்குது: 'அங்கிளுக்கு ஏதாவது சின்ன வேலை பார்த்துத் தரட்டுமா ஆன்ட்டி?'ன்னு. நான் அதுகிட்ட ஒண்ணும் சொல்லல. உங்களைக் காட்டிக் கொடுக்கல. அடுத்த மாசம் காலி பண்ணிடறோம்."

போகும்போது கதவை ஓசைப்படாமல் சாத்தினாள். படீரென்று சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்ச் 22, ஞாயிறு

மகன் கத்தவில்லை. "போய் மன்னிப்புக் கேளுங்கம்மா" என்றான்.

மருமகள் ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பாள். கணக்குப் போட்டுப் பார்த்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். "அத்தை, அவங்க போனா இவர் வேலைக்குப் போகணும். வேற வழி கிடையாது" என்றாள். குரலில் கோபம் இல்லை. அலுவலகத்தில் யாருக்கோ காப்பீடு கிடைக்காது என்று சொல்லும் குரல் அதுவாகத்தான் இருக்கும்.

மார்ச் 23, திங்கள்

போனேன். சோபாவில் உட்காரச் சொன்னாள், அவள் சோபா.

மன்னிக்க வேண்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "நான் ஒண்ணும் கேவலமாச் சொல்லலையே, சொந்தம்னுதானே சொன்னேன்?"

"சொந்தக்காரங்ககிட்ட வாடகை வாங்குவாங்களாம்மா?" என்றாள். தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இந்த வயசுக்கு மேல ஒருத்தர்கிட்ட தலை குனியறது எப்படின்னு யாரு எனக்குச் சொல்லித் தந்தா? நிமிர்ந்து உட்காரத்தானே சொல்லித் தந்தாங்க.

ஏப்ரல் 18, சனி

போய்விட்டார்கள். ஹாலில் பேசினால் குரல் திரும்பி வருகிறது.

ஏப்ரல் 22, புதன்

பெயின்ட் அடிக்கிறோம் என்று மகன் எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டான். அவனும் சொல்லப் பழகிவிட்டான்.

வழக்கமான நேரத்துக்குக் குழந்தை இறங்கி வந்து வெறும் ஹாலில் மேஜை இருந்த இடத்தில் படுத்துக்கொண்டாள். கால்கள் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 27, திங்கள்

வீட்டுத் தரகர் வந்தார். முன்பகுதி மட்டும், அதிலும் புதன்கிழமை ஹால் எங்களுக்கு என்றதும் பேனாவை மூடிவிட்டார்.

"பூஜையறையைக் கேட்ட வீட்டுக்காரங்களப் பார்த்திருக்கேன், மொட்டை மாடியைக் கேட்டவங்களப் பார்த்திருக்கேன். கிழமை கேக்கற வீட்டை இப்பத்தான்மா பார்க்கறேன்."

மகன் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன். வெகுநாளாயிற்று.

மே 4, திங்கள்

பாலம் கட்டும் கம்பெனியில் பழைய வேலைக்கே அவனைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். இந்த முறை ஆற்றங்கரையில் தங்கி வேலை. வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரலாம். குழந்தைக்கு வேறொரு காப்பகம் பார்த்திருக்கிறார்கள். சுத்தமான இடம், நல்ல மாதிரி மனிதர்கள் என்றாள் மருமகள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே தெரியும். குழந்தை ஓடினால் என்னால் ஓட முடியாது. போன மழையில் கேட் திறந்து கிடந்து, அவள் தெருவுக்குப் போய்விட்டாள். நான் என் கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு டிரைவர்தான் தூக்கி வந்தான். பால்காரரிடம் அந்தப் பேச்சுப் பேசிய அதே டிரைவர்தான்.

மே 6, புதன்

இன்று காலை மட்டும் குழந்தையைப் புதுக் காப்பகத்தில் விட்டுப் பார்த்தார்கள். யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. யாரும் அதட்டவில்லை. அவளே தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். பல் பதிந்த இடம் நீலமாக இருக்கிறது.

மகன் அவளுக்கு மருந்து தடவிவிட்டு, கட்டுப் போட்டு, தடவி, மறுபடி கட்டைப் பிரித்துப் பார்த்து — போதும். எழுத முடியவில்லை.

மே 8, வெள்ளி

தரகர் ஒரு கம்பெனி அதிகாரியை அழைத்து வந்தார். வெளியூரிலிருந்து வரும் அவர்கள் ஆட்கள் தங்குவதற்கு வீடு வேண்டுமாம். ஆடிட்டர் கொடுத்ததைவிட நிறையவே தருகிறார்கள். மகன் வேலைக்குப் போக வேண்டியதில்லை.

நானே கேட்டேன், புதன்கிழமை ஹாலைப் பற்றி. அந்த மனிதர் தோளைக் குலுக்கினார். "பகல்ல எங்க ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க. தாராளமா எடுத்துக்கோங்க. ஆனா கீழ்த்தளம் முழுசா வேணும். சமையல்காரர் தங்கறதுக்கு அந்தப் பின்னறை வேணும்."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு கவனமாக யாரும் திரும்பாமல் இருந்தார்கள்.

மே 9, சனி

மகனும் குழந்தையும் டீச்சரிடம் போயிருந்த நேரத்தில் மாடிப்படி ஏறிப் பார்த்தேன். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் மகன் தூக்கி இறக்கினான். "எதுக்கும்மா ஏறினீங்க?" என்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

குழந்தைக்கு மட்டும் அது வேடிக்கையாக இருந்தது. நான் உட்கார்ந்திருந்த படியில் போய் உட்கார்ந்து பார்த்தாள்.

மே 10, ஞாயிறு

சிஸ்டர்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசினேன். பெண்கள் பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. என் கணவரின் ஓய்வூதியம் அதற்குப் போதும்.

மே 11, திங்கள்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் சொன்னேன். இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டேன்.

"அம்மா, நான் கேட்கல" என்றான்.

"நீ கேட்கல. அதனாலதான் நான் சொல்றேன்."

"வேண்டாம்மா."

மருமகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கழுவுவதற்கு அவ்வளவு பாத்திரம் இல்லை.

அவன் இன்னொரு முறை வேண்டாம் என்று சொல்வான் என்று நினைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத் துடைத்துவிட்டேன். அவன் சாப்பாட்டு மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "வாரா வாரம் வந்துடுவேன்" என்றான்.

மே 29, வெள்ளி

ஒரு பெட்டி, ஒரு தலையணை. கட்டிலைச் சமையல்காரருக்கு விட்டிருக்கிறேன். நல்ல கட்டில்.

குழந்தை என் கண்ணாடிக்கூட்டைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். "டொக்" என்ற சத்தம் அவளுக்குப் பிடிக்கும். அதை அவளிடமே விட்டுவிட்டேன். கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

மகன் அவளைத் தூக்கிக்கொண்டு, "டாட்டா சொல்லு, என் வாயாடி" என்றான். பேசாத பிள்ளையை அப்படிக் கூப்பிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இன்று சொல்லவில்லை.

ஜூன் 3, புதன்

மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் சாப்பிட வேண்டும். விரிப்பின் மூலையை மடிக்கும் விதம் எங்கள் பள்ளி விடுதியில் போலவே. பக்கத்துக் கட்டில்காரி, ஓய்வு பெற்ற நர்ஸ், நான் மடிப்பதைப் பார்த்து, "ஏற்கெனவே ஜெயில்ல இருந்திருக்கீங்களா?" என்றாள்.

இங்கே சலவைக்குப் போகும் துணிக்கெல்லாம் கழுத்துப்பட்டியில் சிவப்பு நூலால் எண் தைத்துவிடுகிறார்கள். வெளியே தெரியாமல் உள்பக்கம் தைக்கக் கூடாதா என்று கேட்டேன். சலவைக்காரருக்குத் தெரிய வேண்டுமே என்றார் சிஸ்டர்.

இந்நேரம் ஹாலுக்கு எல்லோரும் வந்திருப்பார்கள்.

ஜூன் 14, ஞாயிறு

மகன் வந்தான், தனியாக. குழந்தையை இந்த வராந்தா பயமுறுத்தும் என்றான். சரிதான். இளைத்திருக்கிறான். எல்லாம் நல்லபடி நடக்கிறது என்றான். கீழே தங்குகிறவர்கள் சத்தமில்லாத மனிதர்களாம். சமையல்காரர் கட்டில் நன்றாக இருக்கிறது என்றாராம்.

ஜூன் 28, ஞாயிறு

வரவில்லை. குழந்தைக்குச் சளி.

ஜூலை 5, ஞாயிறு

வரவில்லை.

ஜூலை 11, சனி

துணி கொடுக்க யாரோ வருகிறார்கள் என்று எங்களைச் சாப்பாட்டு அறையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன். கொடுக்க வருகிறவர்கள் மனம் நோகக் கூடாது என்றார் சிஸ்டர். உட்கார்ந்தேன்.

மூலைவீட்டுக்காரி.

முதலில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். கையில் ஒரு சால்வையை வைத்துவிட்டு, பிறகு நிமிர்ந்தாள். "ஆன்ட்டி? நீங்க... தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு அவங்க வீட்டுக்கு இல்ல போயிருக்கீங்க?"

என் தங்கை இறந்து வருடங்கள் ஆகிவிட்டன.

"ஆமாம். இந்தப் பக்கம் வந்தேன். சிஸ்டர்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு."

என் கழுத்துப்பட்டியில் இருந்த சிவப்பு எண் மேல் அவள் கண் போனது. உடனே எடுத்துவிட்டாள். "அதானே" என்றாள். பிறகு வேகவேகமாகப் பேசினாள். "உங்க பேத்தி இப்ப பேசறாளே ஆன்ட்டி! புதன்கிழமை நாங்க உள்ள வந்ததும் ஒவ்வொருத்தரையும் பார்த்து 'போ'ங்கறா. சொல்லிட்டு அவளே சிரிக்கறா. என் பையன்கிட்ட சொன்னப்ப எங்க எல்லாருக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

"தெரியும்" என்றேன்.

"உங்க மகன் மாதிரி ஒரு அப்பாவை நான் பார்த்ததில்ல."

"தெரியும்."

சால்வையைத் திருப்பி நீட்டினேன். அவள் என் விரல்களை அதன் மேல் மடக்கிவிட்டாள். "தங்கச்சிக்கு வெச்சுக்கோங்க ஆன்ட்டி. அவங்களுக்குக் குளிருமில்ல."

அவள் நல்லவள் என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

ஆடிட்டரம்மா அன்றைக்கு அந்தப் பையை வாங்கிக்கொண்டபோது கை எப்படி இருந்திருக்கும்?

ஜூலை 12, ஞாயிறு

வரவில்லை. அவனுக்கு எழுதியிருக்கிறேன். நகல் இங்கே.

"அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். மூலைவீட்டுப் பெண் நேற்று இங்கே வந்தாள். சமாளித்துவிட்டேன். ஆனால் அடுத்த முறை தடுமாறக் கூடாது. தெருவில் என்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். சித்தி எந்த ஊரில் இருக்கிறாள், அவளுக்கு உடம்புக்கு என்ன, நான் எப்போது திரும்பி வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்? நீங்கள் சொன்னது தவறு என்று சொல்ல வரவில்லை. புதன்கிழமைக்கு அது தேவைதான். நான் மாற்றிச் சொல்லி அதைக் கெடுத்துவிடக் கூடாது.

குழந்தை பேசுகிறாள் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தையை என்னிடம் சொல்லத் தயங்கியிருப்பாய். தயங்க வேண்டாம். அவள் அதை முதலில் யாரிடம் சொன்னாள், எந்த நாளில், எப்படிச் சொன்னாள் என்று எழுது.

தொலைபேசியில் வேண்டாம். அது அலுவலக அறையில் இருக்கிறது, எல்லோரும் கேட்பார்கள். எழுத்தில் பதில் அனுப்பு."